ஈரம் காயாத கால்

என் இடது தொடை எலும்புக்குள் முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு டைட்டேனியம் தண்டு இருக்கிறது. அதன் மேல்பாதியில் வெள்ளையாக ஒரு பூச்சு அடித்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இருபத்தைந்து வருஷம் தகரக் கூரைகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். என் உடம்புக்குள் நடந்த இந்த ஒரு வேலையை மட்டும் வேறு யாரோ செய்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார்கள். அதைக் கெடுக்கப் பார்த்தது நான்தான்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும், பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. எழுதும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. கூரை வேலைக்குப் போனதற்கும் அதுதான் காரணம். அறைக்குள் பெயிண்ட் அடித்தால் வீட்டுக்காரர் பின்னாலேயே நின்று, அட்டையில் பார்த்த கலர் இது இல்லையே என்பார். பதில் சொல்லியாக வேண்டும். கூரைமேல் அந்தத் தொல்லை கிடையாது. குரங்குகள் வரும், உட்கார்ந்து பார்க்கும். கலரைப் பற்றி அவை எதுவும் சொன்னதில்லை.

விழுந்தது ஓர் ஐப்பசி மாதத்தில், ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில். மழை இரண்டு நாள் விட்டிருந்தது. பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டிக்கொண்டே இறங்கி வந்தவன், சுரண்டாத இடத்தில் காலை வைத்துவிட்டேன். பெரிய உயரமெல்லாம் இல்லை. தாழ்வாரக் கூரையின் விளிம்பிலிருந்து பூச்செடிப் பாத்திக்குள் இடுப்புப் பக்கமாக விழுந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா விருந்தாளிகளோடு புல்வெளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். அடி பட்டதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லைங்க என்று எழுந்து நின்று, செடியை ஒடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மூன்று நாள் அப்படியே நடந்தேன். நாலாம் நாள் காலையில் குளியலறைப் படியில் கால் வைத்தபோது இடுப்புக்குள் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. என் சம்சாரம் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, வேன் பிடித்து, மலைக்குக் கீழே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எலும்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் கழுத்து முதலில் லேசாக முறிந்து ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றிருக்கிறது, நான் நடந்து நடந்து அதை விலக்கிவிட்டேன் என்றார். முதல் நாளே வந்திருந்தால் இரண்டு மூன்று ஸ்க்ரூவோடு முடிந்திருக்குமாம். இனி இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை இருந்ததுங்க என்றேன். விருந்தாளிகள் இருந்தார்கள் என்று சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்?

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு மாதிரித் தண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். மங்கலான சாம்பல் நிறம். கையில் பிடித்தால் கனமே தெரியவில்லை. கீழ்ப்பாதி வழவழப்பு. மேல்பாதி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். பழைய பெயிண்டைச் சுரண்ட நாங்கள் வைத்திருக்கும் முரட்டு உப்புத்தாள் அப்படித்தான் இருக்கும்.

வழவழப்பான உலோகத்தை எலும்பு பிடிக்காது, சும்மா பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். இந்த வெள்ளைப் பூச்சு எலும்பில் இருக்கிற அதே சத்தால் ஆனது. கொதிக்கிற சூட்டில் அந்தத் தூளை உருக்கித் தண்டின்மேல் தெளித்திருக்கிறார்கள். எலும்பு அதைத் தன் இனம் என்று நினைத்து, சொரசொரப்புக்குள் வளர்ந்து, கவ்விக்கொள்ளும். சிமென்ட் வைத்து ஒட்ட வேண்டியதில்லை. பூச்சின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த வேலை எனக்கு உடனே பிடித்துப்போனது. வழவழப்பான தகரத்தில் பெயிண்ட் நிற்காது. முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடித்து, அதற்குமேல்தான் கலர். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டிருக்கிறேன். இங்கே ஒரு டாக்டர் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பை ஏமாற்றுகிறார்கள் என்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஹோட்டல்களில் இரும்புக் கதவுக்குத் தேக்கு மரக் கோடு போட்டுக்கொடுத்தவன் நான். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. உங்க எடையில பாதியை அந்தக் கால்ல போடணும். அதுக்கு மேல போட்டாலும் கெடுதல், போடாம இருந்தாலும் கெடுதல். புரியுதா?"

"சரிங்க" என்றேன்.

புரியத்தான் செய்தது. நம்பத்தான் முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கொடைக்கானலில் பெயிண்ட் அடிக்கிற எவனைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வான்: டப்பாவில் நாலு மணி நேரத்தில் காயும் என்று போட்டிருக்கும். அது சமவெளிக்காரனுக்கு. எங்கள் ஊர் மேகத்தில் இரண்டு நாள் ஆகும். மழை மாதமென்றால் மூன்று நாள். டப்பாவை நம்பி நாலாவது மணியில் இரண்டாவது கோட்டிங் அடித்தவன் கூரையெல்லாம் மறு வருஷமே தோல் உரிந்து நிற்கும். அதனால் யார் எந்த நேரம் சொன்னாலும் அதைப் பல மடங்கு கூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. ஈரப் பூச்சை மிதிக்கக் கூடாது. இதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் பலகையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவேன். எந்த வீட்டுக்காரரும் மதித்ததில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று காலை வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கால் தடத்தை மறுநாள் என்னிடமே காட்டி, இது என்ன இப்படி இருக்கிறது என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் அவர்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது பூச்சு என் காலுக்குள்ளேயே இருந்தது. நானும் அதே தப்பைச் செய்வேனா?

அதனால் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பாதி எடை என்பது டப்பாவில் எழுதியிருப்பது. நான் முழுசாக ஆறு வாரம் அந்தக் காலில் எடையே போட மாட்டேன். நன்றாகப் பிடித்த பிறகு நடந்துகொள்ளலாம். டாக்டரைக் கேட்டிருக்கலாம். அடுத்த நோயாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் போக ரோட்டிலிருந்து அறுபது படி இறங்க வேண்டும். அதனால் ஒட்டன்சத்திரத்தில் என் சம்சாரத்தின் அண்ணன் வீட்டில் தங்குவதென்று ஏற்பாடு. மச்சான் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. விடிவதற்குள் லாரிகள் வந்து நிற்கும். தக்காளிப் பெட்டி இறக்குகிற சத்தமும் ஏலம் விடுகிற சத்தமும் மதியம் வரை ஓயாது. என்னைப் போன்றவன் ஓய்வெடுக்கிற இடமில்லை அது. ஆனால் வெயில் இருந்தது. கார்த்திகை மாதத்திலும் முற்றத்தில் நல்ல வெயில் விழுந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தி. நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, இடது தொடையில் வெயில் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். கொடைக்கானல் மேகத்தில் கிடந்தால் இது எப்போது காய்வது என்று நினைத்துக்கொள்வேன்.

நடக்க வேண்டிய நேரத்தில் வாக்கரை ஊன்றி, வலது காலால் தத்தித் தத்திப் போவேன். இடது காலைத் தரையில் படுகிற மாதிரி தொங்கவிடுவேன். யாராவது பார்த்தால் பாதத்தை லேசாக வைத்துக் காட்டுவேன். கனமே இல்லாமல் ஒரு காலை வைப்பது பெரிய வித்தை. விரைவில் கைவந்துவிட்டது.

மச்சானுக்கு மட்டும் ஏதோ சந்தேகம். மார்க்கெட்டிலிருந்து வந்து துண்டை உதறிக்கொண்டே கேட்டார், "என்ன மாப்ளே, கொக்கு மாதிரி நிக்கிறீங்க. அந்தக் காலை யாருக்கும் வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

பூச்சு பிடிக்க வேண்டும், அதுவரை மிதிக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். டாக்டர் சொன்னாரா என்று கேட்டார். தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஆட்டினேன். அதன் பிறகு தினமும் கடைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு விசாரிப்பு உண்டு.

"மாப்ளே, இன்னமும் ஈரமாத்தான் கெடக்கா?"

ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போனோம். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பொறுப்பாக ஒரு பூச்சைக் காப்பாற்றின ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். என்னைப் படுக்கவைத்து, இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தார். இடது தொடை மெலிந்து, சதை தொளதொளவென்று ஆகியிருந்தது. காலை மடக்கிச் சுழற்றி, வலிக்கிறதா என்றார். இல்லைங்க என்றேன். அவர் முகம் தெளியவில்லை. தண்டைச் சுற்றி எலும்பு எதிர்பார்த்த மாதிரி வரவில்லை, ஏற்கெனவே இருந்த எலும்பும் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கிறது என்றார். ரத்தப் பரிசோதனை எழுத ஆரம்பித்தார். சர்க்கரை உண்டா, பீடி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லைங்க என்றேன். கடைசியில், சொன்ன மாதிரி நடந்தீர்களா என்றார்.

"நடந்தேங்க."

பக்கத்தில் நின்ற என் சம்சாரம் குனிந்து, கட்டிலுக்குக் கீழே நான் கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் வாங்கிய செருப்பு. இரண்டையும் கவிழ்த்து டாக்டருக்கு முன்னால் பிடித்தாள். வலது செருப்பின் அடி தேய்ந்து குதிகால் பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. இடது செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. எட்டு என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

"அவரு அந்தக் காலைத் தரையிலயே வைக்கலைங்க, டாக்டரம்மா" என்றாள் அவள். "பெயிண்ட் காயட்டும்னு முற்றத்துல வெயில்ல நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் சொன்னா எங்க கேக்கப் போறாரு."

அவள் இதை எத்தனை நாளாகக் கவனித்தாளோ தெரியாது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்காக வைத்திருந்தாள் போலும்.

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேனாவை மூடிவிட்டு, எதற்காக அப்படிச் செய்தேன் என்று என்னையே சொல்லச் சொன்னார். வேறு வழியில்லாமல் டப்பா, மேகம், நாலு மணி நேரம், ஈரப் பூச்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பெயிண்ட்டுக்கு நீங்க சொல்றது சரி" என்றார். "ஆனா இங்க பூச்சு காயறதுக்கு ஒண்ணுமில்லைங்க. அது வரும்போதே காஞ்சதுதான். வளர வேண்டியது உங்க எலும்பு. மேல எடை விழுந்தாத்தான் எலும்பு, ஓ நமக்கு இங்க வேலை இருக்குன்னு வளரும். வேலையே இல்லைன்னா இருக்கிற எலும்பையும் உடம்பு எடுத்துக்கும். நீங்க ஆறு வாரமா அதுக்கு லீவு குடுத்திருக்கீங்க."

அப்புறம் மெதுவான குரலில் மீதியைச் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்ட வேண்டும். அதற்குள் எலும்பு பிடித்துக்கொண்டால் நல்லது. பிடிக்காமல் தண்டு ஆட ஆரம்பித்தால் மறுபடி திறந்து, அதை எடுத்துவிட்டு, இதைவிட நீளமாக வேறொன்று வைக்க வேண்டும். இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி இருக்காது. ஓடி விளையாடுகிற காலாக எதிர்பார்க்க முடியாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். பயமாகத்தான் இருந்தது.

எத்தனை கிலோ போடுகிறோம் என்று காலுக்குத் தெரியாது, அதனால் வீட்டில் எடை மெஷினில் காலை வைத்து அழுத்திப் பழக வேண்டும் என்றார். இந்த வாரம் இருபது கிலோ, அடுத்த வாரம் முப்பது என்று தாளில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் எடை மெஷின் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் சம்சாரம், எங்க அண்ணன் கடையில பெரிய மெஷினே இருக்குங்க என்றாள்.

அப்படித்தான் நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி நிறுக்கிற தராசில் ஏறினேன்.

தரையோடு பதித்த இரும்புத் தட்டு அது. மேலே சிவப்பு எழுத்தில் கிலோ ஓடும். கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் வைத்திருந்தார்கள். லாரிகள் வருமுன், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று வெள்ளனே போனேன். நான் வாக்கரோடு போய்ச் சேருவதற்குள் லாரிகள் வந்துவிட்டன. வாக்கரைத் தட்டுக்கு வெளியே ஊன்றி, வலது காலையும் வெளியே வைத்து, இடது காலை மட்டும் தட்டில் வைத்தேன். பெட்டி சுமந்து வந்தவர்கள் பெட்டியோடு நின்றார்கள்.

"அழுத்துங்க மாப்ளே" என்றார் மச்சான்.

அழுத்தினேன். அழுத்தியதாக நினைத்தேன்.

"நாலு கிலோ முந்நூறு" என்று மச்சான் ஏலக் குரலில் வாசித்தார்.

"முருங்கைக்காய்தான் அம்புட்டு வரும்" என்றார் ஒரு சுமைக்காரர்.

இன்னொருவர், "காய் வாடிருச்சு அண்ணே. தண்ணி தெளிச்சு வைங்க" என்றார்.

எனக்கு அங்கேயே மயங்கி விழுந்துவிடலாம் போலிருந்தது. விழுந்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்பதால் விழவில்லை. மறுபடி அழுத்தினேன். கால் ஒத்துழைக்கவில்லை. பாதம் தட்டைத் தொட்டதும் உடம்பே தானாகப் பின்னால் வாங்கிக்கொண்டது. ஈரச் சுவரில் கை வைக்கப் போகிறவனுக்குக் கை கூசுமே, அதே கூச்சம். பூச்சு காய்ந்துதான் வந்தது என்று டாக்டர் சொன்னது புத்திக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒன்பது கிலோவோடு இறங்கினேன்.

தினமும் போனேன். போகாவிட்டால் மச்சான் ஆள் அனுப்புவார். இருபதைத் தொட ஒரு வாரம் ஆனது. சுமைக்காரர்கள் அதற்குள் என்னைத் தங்கள் சரக்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு மலைச் சரக்கு என்ன எடை என்று மச்சானைக் கேட்பார்கள். எடை கூடியிருந்தால், வரத்து நல்லா இருக்கு என்பார்கள். எதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சரக்கு பேச வேண்டியதில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு ஒரு வசதி.

நாற்பத்தைந்து கிலோ வந்தபோது தை மாதம் பிறந்திருந்தது. டாக்டர் சாலையில் கொஞ்சம் நடந்து பழகலாம் என்று போனில் சொன்னார். போவதும் வருவதுமாக நூறு அடி, அவ்வளவுதான். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை நிறையப் போய்க்கொண்டிருந்த நாள் அது. பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக, வெறுங்காலோடு, கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு போனார்கள். நான் வாக்கரோடு ஓரமாக இறங்கி அவர்கள் போகிற திசையிலேயே நடந்தேன். எதிர்த் திசையில் நடந்தால் கூட்டத்தில் இடித்துவிடுவார்கள் என்று பயம்.

பத்து அடி போவதற்குள் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து, எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறேன் என்று கேட்டார். கொடைக்கானல் என்றேன். ஊரைத்தான் கேட்டார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"இந்தக் காலோட, வாக்கரை வெச்சுக்கிட்டு, அங்கேருந்து நடந்தே வர்றீங்களா?"

இல்லை, பின்னால் இருக்கிற கடையிலிருந்துதான் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் திரும்பிப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் அரோகரா போட்டார்கள். ஒரு பெண் என் கையில் தண்ணீர் பாக்கெட் கொடுத்தாள். இன்னொருத்தி குனிந்து என் இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் காலுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எந்த முகத்தோடு திரும்புவது? வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறான் என்று நினைக்க மாட்டார்களா? நடந்தேன். நூறு அடி போனது. பெட்ரோல் பங்க் போனது. பெரியவர் எனக்காக நடையை மெதுவாக்கிக்கொண்டு முருகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். ஊர் முடிந்து மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் அன்னதானப் பந்தல் ஒன்று இருந்தது. அவர்கள் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அங்கே வைத்துத்தான் மச்சான் ஆட்டோவோடு வந்து என்னைக் கண்டுபிடித்தார். பெரியவர் காதில் விழாதபடி, "மாப்ளே, டாக்டர் பழனிக்கா போகச் சொன்னாரு? எந்திரிங்க வெரசா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி தொடையில் வலி எடுத்தது. ஆபரேஷன் வலி ஆறிய பிறகு அப்படி வலித்ததே இல்லை. தண்டு ஆட ஆரம்பித்தால் தொடையில் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்சாரத்திடம் சொல்லவில்லை. மறுநாள் குறைந்தது, அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. முழுசாகப் போய்விட்டதா, பழகிவிட்டதா என்று தெரியவில்லை. போடாமல் கெடுத்தவன், கூட்டிப் போட்டும் கெடுத்துவிட்டேனோ என்று மாசி மாதம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தராசில் அறுபத்திரண்டு கிலோ வந்தது. அதுதான் என் முழு எடை. சுமைக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை.

மாசி மாதக் கடைசியில் டாக்டர் மறுபடி படம் எடுத்தார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய படங்கள் இரண்டையும் புதியதையும் வரிசையாக வைத்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னை எழுந்து வரச் சொல்லி, பேனா முனையால் காட்டினார். தண்டின் மேல்பாதியில், சொரசொரப்பு இருந்த இடத்தில், எலும்பிலிருந்து மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் புறப்பட்டு உலோகத்தில் போய் முட்டி நின்றன. நடுவே கறுப்புக் கோடு இல்லை.

"பிடிச்சிருச்சு" என்றார் டாக்டர். "தாமதமா வந்தாலும் நல்லா வந்திருக்கு."

தை மாதம் வலித்தது என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன். பந்தல் வரை நடந்ததையும் சொன்னேன். டாக்டர் இந்தத் தடவை சிரித்தார். ஆறு வாரம் சும்மா கிடந்த சதைக்கு அவ்வளவு தூரம் நடந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார். ஆனால் இனி யார் முன்னாலும் வெட்கப்பட்டு நடக்க வேண்டாம் என்றார். கதவருகே அடுத்த நோயாளி நின்றார். எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

"கூரை ஏறலாமாங்க?"

"கூரை வேண்டாம். தரையில நின்னு எட்டுற வேலையா பாத்துக்கங்க. இன்னொரு தடவை விழுந்தா தண்டைச் சுத்தி எலும்பு உடையும். அது எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

சரிங்க என்றேன். இந்தத் தடவை எதையும் கூட்டிக்கொள்ளவில்லை.

அப்போதிருந்து அறைகளுக்குள்தான் பெயிண்ட் அடிக்கிறேன். கதவு, ஜன்னல், கை எட்டுகிற வரை சுவர். வீட்டுக்காரர்கள் பின்னால் நின்று, அட்டையில் பார்த்த கலர் இது இல்லையே என்கிறார்கள். காய்ந்ததும் சரியாகிவிடுங்க என்கிறேன். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

டாக்டர் பிடித்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். வாக்கரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஸ் நிறையக் கூட்டம். சம்சாரத்துக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நாலு மாதமாக வாக்கரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். இப்போது என்னைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத ஓர் ஆள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் என் சம்சாரம் முன்னாலிருந்து கழுத்தைத் திருப்பி, "ஏங்க, ஆபரேஷன் பண்ண காலுன்னு சொல்லுங்க. இடம் குடுப்பாங்க" என்றாள்.

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்திருக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. வேண்டாம் தம்பி என்று கையைக் காட்டினேன்.

ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய்ந்தது. இடப்பக்கம் சாயும்போது என் எடை முழுவதும் அந்தக் காலில் வந்து இறங்கியது. முதல் சில வளைவுகளில் மேலே கம்பியை இறுக்கிப் பிடித்தேன். பிறகு ஒரு கையால் பிடித்தேன். பெருமாள்மலையில் நாலைந்து பேர் இறங்கி, எனக்கு முன்னாலேயே ஓர் இடம் காலியானது. என் சம்சாரம் அதைச் சுட்டிக்காட்டினாள். நான் உட்காரவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

கொடைக்கானலில் இறங்கியபோது இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தன.